முள்கரண்டியும் ஐந்து விரல்களும்

இத்தாலியரைப் போல் பாஸ்தா உண்பதற்குச் சில விதிகள் உண்டு. இழைகளை வெட்டக்கூடாது, முள்கரண்டியில் சிலவற்றை மட்டும் சுற்றி எடுக்க வேண்டும், மீனோ சிப்பியோ சேர்ந்திருந்தால் பாலாடைக்கட்டியைத் தூவுவது பிழை. இவ்விதிகளைச் சொல்பவர்கள் நம் இடியாப்பத்தைக் கையால் பிசைந்துண்பதைச் சற்றே இளக்காரமாகப் பார்ப்பதும் உண்டு. வரலாறு அவ்வளவு நாசூக்கானதல்ல.

மார்கோ போலோ சீனத்திலிருந்து பாஸ்தாவைக் கொண்டுவந்தார் என்பது 1929இல் அமெரிக்க மக்ரோனி வணிகர்களின் இதழொன்று பரப்பிய கதை. அவர் வெனிஸ் திரும்பியது 1295இல். ஆனால் 1279ஆம் ஆண்டின் ஜெனோவா சொத்துப் பட்டியலொன்றிலேயே மக்ரோனி இடம்பெற்றுவிட்டது. 1154இல் அல் இத்ரீசி, சிசிலியின் திராபியாவில் கோதுமை இழைகள் செய்யப்பட்டுக் கப்பலேறியதை எழுதியிருக்கிறார்.

போலோ குறித்துவைத்தது வேறொன்று. மாபார் எனப்பட்ட நம் கீழைக்கரையில் மக்கள் வலக்கையால் மட்டுமே உண்பதை அவர் கண்டு எழுதினார். வேடிக்கை என்னவென்றால், அவருக்குப் பின் அறுநூறு ஆண்டுகள் கழித்தும் நேப்பிள்ஸ் தெருக்களில் ஏழைகள் தலையை அண்ணாந்து, மக்ரோனியைக் கையால் வாயில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் புகைப்படங்கள் இதற்குச் சாட்சி. அங்கே எளியவர் கைக்கு முள்கரண்டி வந்தது வெகு பிந்தித்தான்.

அதே கீழைக்கரையில்தான் பழவேற்காடு இருக்கிறது. போர்த்துகீசியர் வந்தனர், 1613இல் டச்சுக்காரர் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினர், 1825இல் ஊர் ஆங்கிலேயர் வசமானது. மேசை நாகரிகம் அறிந்த மூன்று கொடிகள் பறந்தும் ஏரிக்கரைக் குப்பங்களின் சாப்பாட்டுக் கை மாறவில்லை. ஏரி தரும் இறாலையும் நண்டையும் மடவையையும் உண்ண விரல்களைவிடத் தக்க கருவி ஏது? முள்ளை நாக்குக்கு முன்பே அறிவது விரல்தான். நண்டின் ஓட்டை உடைத்துச் சதையை எடுப்பதும் அதுவே.

பிழிந்த இழை நமக்கும் புதிதன்று. 11ஆம் நூற்றாண்டுக் கன்னட நூலான லோகோபகாரம் சேவையையும் அதைப் பிழியும் அச்சையும் சொல்கிறது. அவர்கள் கோதுமையைப் பிழிந்தார்கள், நாம் அரிசியைப் பிழிந்தோம். சுவையின் நீதியும் ஏறத்தாழ ஒன்றே: இழை ஆறுமுன் உண்ண வேண்டும், குழம்பு அதை மூழ்கடிக்கக்கூடாது, கடலின் மணத்தை வேறெதுவும் மறைக்கக்கூடாது.

இத்தாலியரின் வழி என்று கற்கத்தக்கது இந்த மரியாதையைத்தான். முள்கரண்டி அதன் கடைசி அத்தியாயம் மட்டுமே. முதல் அத்தியாயத்தில் அவர்கள் கையும் நம் கையைப் போலவே நனைந்திருந்தது.