வெள்ளவத்தையில் நள்ளிரவு, ரொறொன்ரோவில் பிற்பகல்

1990களில் கொழும்பின் காலி வீதியில் வெள்ளவத்தைச் சந்தைப் பக்கம் நடந்தவர்களுக்கு அந்தப் பெயர்ப்பலகைகள் நினைவிருக்கும். ‘ஐடிடி, பெக்ஸ், போட்டோக் கொப்பி’ என்று எழுதியிருக்கும்; ஐடிடி என்றால் வெளிநாட்டுக்கு நேரடி அழைப்பு. கொட்டாஞ்சேனையிலும் அதே பலகைகள்தான். கடைக்கு என்ன பெயர் வைத்திருந்தாலும் சனத்தின் வாயில் அது ‘கொமினிகேசன்’. உள்ளே பலகையால் அடைத்த இரண்டு மூன்று கூண்டுகள். கூண்டுக்குள் ஒரு ஸ்டூல், ஒரு ரெலிபோன், நிமிடங்களை எண்ணும் சின்னப் பெட்டி ஒன்று. பேசுகிறவரின் வாய் பிள்ளையோடு பேசும். கண் அந்தப் பெட்டியை விட்டு அசையாது. வெளியே வாங்கில் அடுத்தவர் காத்திருப்பார்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. வெளிநாட்டிலிருக்கும் மகனின் குரலைக் கேட்க வேண்டுமென்றால் தாய் கொழும்புக்கு வர வேண்டும். பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் வந்து வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜ்களில் தங்கியவர்களுக்கு கொமினிகேசன்தான் வாசற்படி. எடுத்துப் பேசுவது செலவு என்பதால், கடையின் எண்ணைக் கொடுத்து நேரம் குறித்துவிட்டுக் காத்திருப்பதே வழக்கம். குறித்த நேரத்தில் இணைப்புக் கிடைக்காமல் போனால் அந்தத் தாய்க்கு இன்னொரு வாரம் காத்திருப்பு.

அந்த நேரக் கணக்கும் இலகுவானதாக இருக்கவில்லை. 1996 மே மாதம், மின்சாரத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளியது. ஒக்டோபரில் அரை மணி நேரத்தைத் திருப்பித் தந்தது. மிச்ச அரை மணி நேரம் 2006 ஏப்ரலில்தான் திரும்பியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே இருந்தது. லண்டனுக்கும் கனடாவுக்கும் இந்த மாறும் நேரத்துக்கும் நடுவே மணி எண்ணிப் பார்த்துப் பழகிய தலைமுறை அது.

கைத்தொலைபேசி கொழும்புக்கு வந்தது 1989இல். செல்டெல் தொடங்கிய அந்தச் சேவை தெற்காசியாவிலேயே முதலாவது செல்லுலார் வலையமைப்பு. நிலத்தொலைபேசி இணைப்புக்கே ஆண்டுக்கணக்கில் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருந்த நாட்டில் அது பணக்காரரின் பொருளாகவே வந்தது. 1993இல் மொபிடெல், 1995இல் டிஜிட்டல் ஜிஎஸ்எம் முறையோடு டயலொக். அழைப்பை ஏற்பதற்கும் காசு அறவிட்ட அந்தக் காலத்தில் ‘மிஸ்ட் கோல்’ ஒரு மொழியாகவே வளர்ந்தது. ஒருமுறை அடித்து நின்றால் வந்து சேர்ந்துவிட்டேன், இரண்டுமுறை அடித்தால் திருப்பி எடு என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அகராதி.

மாற்றங்களும் விடாமல் வந்தன. 2003இல் நிலத்தொலைபேசி எண்கள் மாறின. 01இல் தொடங்கிய கொழும்பு எண் 011 ஆகி, முன்னால் ஒரு 2ஐயும் சேர்த்துக்கொண்டது. ஒஸ்லோவிலும் ஸ்கார்பரோவிலும் நாட்குறிப்பில் எழுதி வைத்திருந்த எண்களையெல்லாம் திருத்த வேண்டியிருந்தது. 2006இல் 3ஜி, 2013இல் 4ஜி. 2018இல் ஹட்ச், எடிசலாட்டை வாங்கியது. 2024 ஜூனில் ஏர்டெல் லங்கா டயலொக்கோடு இணைந்தது. இரண்டு வலையமைப்புகள் ஒன்றாகும்போது ஒரே தெருவில் இரண்டு நிறுவனங்களின் கருவிகள் தேவைப்படுவதில்லை. சில கழற்றப்படும், சில மாற்றப்படும். வாடிக்கையாளரின் எண் மட்டும் அப்படியே இருக்கும். இருக்க வேண்டும்.

மாற்றும்போது சேவை அறுந்துவிடாமல் பார்ப்பது பழைய கலை. லண்டனின் முதலாவது ‘டிரெக்டர்’ வகைத் தானியங்கித் தொலைபேசி நிலையம் ஹோல்போர்னில் உயிர்பெற்றது 1927 நவம்பர் 12, சனிக்கிழமை நள்ளிரவில். அந்த நாளைய முறை இதுதான்: புதிய நிலையத்தை மாதக்கணக்கில் பழையதற்குப் பக்கத்திலேயே கட்டி, ஒவ்வொரு சந்தாதாரரின் கம்பியையும் இரண்டிலும் இணைத்து வைப்பார்கள். புதிய பக்கத்துத் தொடுபுள்ளிகளுக்கு நடுவே சின்ன ஆப்புகள் செருகியிருக்கும். குறித்த நிமிடத்தில் ஆப்புகளைக் கயிற்றால் இழுத்து எடுப்பார்கள். பழைய பக்கத்தைத் துண்டிப்பார்கள். சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும்.

இன்றைய வெள்ளவத்தையில் கோபுரம் என்று தனியாக நிற்பது குறைவு. அடுக்குமாடிகளின் மொட்டை மாடியில், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்தபடி அன்டெனாக்கள் நிற்கின்றன. பொதுவாக ஓர் அன்டெனாத் தளத்துக்கு மூன்று திசைகள், திசைக்கு ஒரு பிரிவு. நல்ல பொறியியலாளர் மூன்றையும் ஒன்றாக அணைப்பதில்லை. புதிய கருவியைப் பழையதன் பக்கத்திலேயே ஏற்றி, மின்சாரம் கொடுத்து, சோதித்துப் பார்த்த பிறகு, ஒரு பிரிவை மட்டும் மாற்றுவார். அந்த நேரத்தில் பக்கத்துக் கூரையிலிருக்கும் அன்டெனாவின் சாய்வைச் சற்று நிமிர்த்தி, அது கூடுதல் தெருக்களைத் தாங்கும்படி செய்வார். ஏதாவது பிசகினால் பழையதற்குத் திரும்ப வழி திறந்தே இருக்கும். இடமிருந்தால் லொறியில் ஏற்றிய தற்காலிகக் கோபுரமும் வரும்; ஆனால் காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய ஒழுங்கைகளில் லொறிக்கு எங்கே இடம்?

இந்த வேலையின் நேரத்தைப் பொறுத்தவரை பொதுவான விதி: நள்ளிரவு தாண்டி விடியுமுன். கொழும்பின் வங்கிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அது சரியான விதி. வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் அது பொருந்தாது. கோடையில் இங்கே நள்ளிரவு பன்னிரண்டு என்றால் லண்டனில் மாலை ஏழரை. மகன் வேலை முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டு அம்மாவை அழைக்கும் நேரம். ரொறொன்ரோவில் பிற்பகல் இரண்டரை. இங்கே விடியற்காலை ஐந்து மணி என்றால் அங்கே மாலை ஏழரை. பிள்ளைகள் எல்லோரும் போய்விட்ட மூன்றாம் மாடி வீட்டில், சீனிப் போத்தலில் போனைச் சாய்த்து வைத்து, பேரப்பிள்ளையின் முகம் தெரியக் காத்திருக்கும் மூதாட்டிக்கு அது ‘ஓய்ந்த நேரம்’ அல்ல. நெஞ்சுவலி வந்தால் அம்புலன்சை அழைப்பதும் அதே போனில்தான்.

ஆகவே இந்த இரண்டு ஊர்களிலும் மணியைத் தேர்ந்தெடுப்பதால் மட்டும் காரியம் ஆகாது. எந்த மணியிலும் யாரோ ஒருவர் பேசிக்கொண்டிருப்பார். முழுத் தளத்தையும் இருட்டாக்காமல், பிரிவு பிரிவாக மாற்றும் முறைதான் இங்கே பொருந்தும். அதற்கு இரவுகள் கூடுதலாகச் செலவாகும், ஆகட்டும்.

எந்த நாள் என்பதையும் பார்க்க வேண்டும். ஆடிவேல் பவனி செட்டியார்தெருவிலிருந்து காலி வீதி வழியே வரும் நாட்களிலும், ஜூன் 13 கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழாவிலும் ஒரு தெருவுக்குள் ஆயிரக்கணக்கான போன்கள் நிற்கும். அதே கொச்சிக்கடைத் தேவாலயத்தில் 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்தபோது, அரசு சமூக ஊடகங்களை முடக்கியது. பலருக்கு எஞ்சியிருந்தது சாதாரண அழைப்புத்தான். இருக்கிறாயா என்று கேட்பதற்கு அந்தப் பகுதி மக்களுக்கு அதுவே வழியானது.

5ஜி கருவிகள் இந்தக் கூரைகளில் ஏறும் காலத்தில் நிறுவனங்களிடம் கேட்க வேண்டியது பெரிதல்ல. வேலை நடக்கும் இரவை மூன்று நாட்களுக்கு முன்பே, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், குறுஞ்செய்தியாக மட்டுமன்றி மாடிப்படி அறிவித்தல் பலகையிலும் அறிவியுங்கள். எந்த ஒழுங்கை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று எழுதுங்கள். அம்மாமார் அதைப் பார்த்துவிட்டு, நாளைக்கு எடு என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொள்வார்கள்.