கொம்பு முந்திக்கொண்ட எழுத்துகள்

லினக்ஸ் கணினியின் கட்டளைத் திரையில் இயங்கும் ஐகான்வ் சிறிய கருவிதான். பழைய குறியாக்கத்தில் உள்ள கோப்பை ஒருங்குறிக்கு மாற்றித் தரும். திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் தட்டச்சிட்ட கோப்பை, லத்தீன்-1 என்ற வேறொரு குறியாக்கம் என்று சொல்லி அதனிடம் கொடுத்தால் பிழைச்செய்தி எதுவும் வராது. ஆனால் 'தமிழ்' இருந்த இடத்தில் முக்கால் பின்னக் குறி, தலையில் சாய்கோடிட்ட ஏ, சென்ட் நாணயக் குறி, சாய்கோடிட்ட யூ என நான்கு உருக்கள் நிற்கும்.

கருவியில் பழுதில்லை. லத்தீன்-1 கணக்கில் 256 பைட் மதிப்புகளுக்கும் இடமுண்டு. எதையும் தள்ள அதற்குக் காரணமில்லை. யூடிஎஃப்-8 என்று சொல்லியிருந்தால் உடனே பிழை காட்டி நின்றிருக்கும்.

இந்தக் குழப்பத்தின் வேர் 1990களில் இருக்கிறது. 1991-லேயே ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றாலும், அதைத் திரையில் சரியாகக் காட்டும் வசதி விண்டோஸ் 2000-இல்தான் வந்தது. அதுவரை எழுத்துரு செய்தவர்கள் ஆளுக்கொரு வரிசை வைத்தார்கள். பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலில் விவாதித்துப் பொதுவாக வகுத்ததே திஸ்கி: முன்பாதி ஆங்கிலம், பின்பாதி தமிழ். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் பலவும் அதில் வந்தன. சம்பளமில்லாமல் தட்டச்சிட்டவர்களின் உழைப்பு அது.

திஸ்கி, தட்டச்சுப் பொறியைப் போலக் கண்ணுக்குத் தெரியும் வரிசையைப் பின்பற்றியது. 'கொ' என்றால் முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க, கடைசியில் கால். ஒருங்குறியோ உச்சரிப்பு வரிசையைப் பார்க்கிறது: முதலில் க, அடுத்து ஒகரக் குறி. ஆகவே பைட்டுக்குப் பைட் மாற்றினால் கொம்பு முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், அல்லது புள்ளி வட்டத்தோடு தனியே தொங்கும். நல்ல மாற்றி கொம்பைக் கையில் பிடித்தபடி அடுத்த எழுத்துக்குக் காத்திருக்க வேண்டும். லினக்ஸின் ஐகான்வ் அப்படித்தான் செய்கிறது. மூலம் திஸ்கி என்று சரியாகச் சொன்னால் போதும்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் உருவான டாப், டாம் குறியாக்கங்களுக்கு அந்தக் கருவியில் இடமில்லை. அவற்றுக்குத் தமிழர்களே தனி மாற்றிகள் எழுதினார்கள். 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது.

பழைய குறுந்தகட்டில் கதையோ கட்டுரையோ வைத்திருப்பவர்கள், எந்த எழுத்துருவில் அடித்தது என்பது நினைவில் இருக்கும்போதே அதைக் கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள். ஒருங்குறிக்கு மாற்றிய பிறகும் மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள்.