‘லைன்’: ஒரு சொல்லின் சமூக வரலாறு

சொற்கள் பொருள் மாறுவது தற்செயலாக நிகழ்வதன்று. மனிதரிடையே நிலவும் உறவுகள் மாறும்போது அவற்றைச் சுட்டும் சொற்களும் மாறுகின்றன. ஆங்கிலத்தில் அன்றாடம் வழங்கும் ‘லைன்’ என்னும் சிறு சொல்லை இந்நோக்கில் ஆராய முற்படுகின்றோம். அச்சொல் நம் நாட்டு மக்கட் பிரிவொன்றின் வாழ்விடத்துக்குப் பெயராகிவிட்டமையே இம்முயற்சிக்குக் காரணமாகும்.

இலத்தீனில் ‘லீனும்’ என்பது ஆளிச் செடியைக் குறிக்கும். அதன் நாரினால் திரித்த நூல் ‘லீனெயா’ எனப்பட்டது. ‘லினன்’ துணியும் இவ்வேரிலிருந்து வந்ததே. தச்சரும் கொத்தரும் நூலை இழுத்துப் பிடித்தே நேர்மை கண்டனர். ஆகவே நூலின் பெயர் கோட்டுக்கும் ஆயிற்று. பின்னர் வரிசை, செய்யுளடி, குலவழி, புகையிரதப் பாதை, தொலைபேசித் தொடர்பு, ஒருவர் செய்யும் தொழில் எனப் பொருள்கள் பெருகின. தமிழில் ‘வரி’ என்னும் சொல் புலியின் உடற்கோட்டையும் எழுத்தின் வரிசையையும் அரசிறையையும் குறித்தல் இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

கோடு பொருளை அளக்க உதவுவது போன்றே மனிதரை நிறுத்தி வைக்கவும் உதவும். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864இல், அண்டர்சன்வில் சிறை முகாமில் ஓர் எல்லை வகுக்கப்பட்டிருந்தது. அதனைத் தாண்டிய கைதி சுடப்படுவான். அவ்வெல்லைக்கு வழங்கிய ‘டெட்லைன்’ என்னும் பெயரே, பிற்காலத்தில் பத்திரிகையாளர் கட்டுரை ஒப்படைக்கும் இறுதி நேரத்தைக் குறிக்கலாயிற்று. 1913இல் போர்ட் நிறுவனம் தன் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் நகரும் பொருத்து வரிசையை அமைத்தபோது, தொழிலாளி நின்ற இடத்தில் நிற்க, வேலை அவனைத் தேடி வந்தது. வேகத்தை நிர்ணயிக்கும் உரிமை அவன் கையை விட்டு அகன்றது. எனினும், வேலைநிறுத்தக் காலத்தில் தொழிற்சாலை வாயிலில் தொழிலாளர் வகுக்கும் மறியல் அணியும் ‘லைன்’ என்றே வழங்குகின்றது. ஆள்வோரும் எதிர்ப்போரும் ஒரே சொல்லை வெவ்வேறு பொருளில் கையாளுதல் மனங்கொள்ளத்தக்கது.

பிரித்தானியரின் இராணுவ வழக்கில், சிப்பாய்களின் குடிசை வரிசைகளும் ‘லைன்’ எனப்பட்டன. இவ்வழக்கு இலங்கை மலையகத்திலும் இடம்பெற்றது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர், ஒரே கூரையின்கீழ்த் தொடராக அமைந்த ஒற்றையறைகளிற் குடியேற்றப்பட்டனர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலை அதனிடத்தைப் பிடித்தது. அறைத் தொடர்கள் அவ்வாறே நிலைத்தன. காலையில் தொழிலாளரைத் திரட்டும் ‘பிரட்டு’ என்பதும் ‘பரேட்’ என்னும் படைத்துறைச் சொல்லின் திரிபே. உறையுளும் வேலையும் படைமுகாமின் ஒழுங்கிற் கட்டப்பட்டமைக்கு இவ்விரு சொற்களும் சான்றாகும்.

தொழிலாளர் நாவில் ‘லைன்’ லயன் ஆயிற்று. பின் லயம் ஆயிற்று. இசையில் வழங்கும் ‘லயம்’ என்பதோடும், குதிரை கட்டும் ‘லாயம்’ என்பதோடும் இதற்குள்ள ஒப்புமை ஒலியளவினதே. அதனைப் பிறப்புமூலமாகக் கொள்ளுதல் தவறாகும்.

குலவழியையும் குறிக்கும் இச்சொல்லின் பெயர் தாங்கிய அறைகளிலே, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தோர் காணியுரிமை அற்றிருந்தனர். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. எஞ்சியிருந்த நாடற்றோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறிற்று. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாயின. 1992இல் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. உடைமையாளர் மாறினர், லயம் மாறவில்லை. தனிவீட்டுத் திட்டங்கள் சில நிறைவேறியபோதும், தோட்டக் குடும்பங்களிற் பெருந்தொகையினர் இன்றும் லயங்களிலேயே வாழ்கின்றனர். தனிமுகவரி இன்மையால் தோட்ட அலுவலகத்தின் வழியே கடிதம் பெறுவோரும் அவர்களுள் உளர்.

இழிவு தொனிக்கின்றது எனக் கருதி இச்சொல்லை நீக்கி, வேறு பெயர் சூட்ட விழைவோர் உளர். பெயரை மாற்றுதல் எளிது. ஆயின், நிலத்தோடு மனிதருக்குள்ள உறவு மாறாதவரை புதுப்பெயரும் பழம்பொருளையே சுமக்கும். காணியும் வீடும் முகவரியும் உரிமையாகும் நாளிலேதான் ‘லயம்’ என்பது அகராதியில் மட்டும் வாழும் சொல்லாகும்.