கூட யாரு? – உடன்போக்கும் தனிப்போக்கும்

பெண்ணின் பயணத்துக்கு நம் அகப்பொருள் இலக்கணம் வைத்திருக்கும் பெயர் உடன்போக்கு. அவள் தலைவனுடன் போகிறாள், அல்லது வீட்டிலேயே இருந்து ஆற்றியிருக்கிறாள். பிரிவு என்றால் அது அவன் பிரிவு. ஓதல், தூது, பொருள் என்று அவன் போவதற்குக் காரணங்களின் பட்டியலே இருக்கிறது. கடல்வழிப் போக்கு பெண்ணோடு கிடையாது என்று தொல்காப்பியப் பொருளதிகாரம் ஒரு சூத்திரமே செய்து வைத்திருக்கிறது. ‘உடன்’ என்ற முன்னொட்டைக் கழித்துவிட்டு, பெண்ணின் ‘போக்கு’ என்று மட்டும் சொல்ல நமக்கு ஒரு துறைப்பெயர் இல்லை. எம்.ஏ. வகுப்பில் உடன்போக்கை மாய்ந்து மாய்ந்து மனப்பாடம் செய்தபோது இது உறைக்கவில்லை. உறைத்தது பல வருஷம் கழித்து, பங்குனியில் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்து அம்மன் தேர் ஒன்றுக்குத் தனியாகப் போனபோது. ஊர்ப்பெயர் வேண்டாம். பங்குனியில் இங்கே நார்த்தாமலை, கொன்னையூர் என்று பேர்போன மாரியம்மன்கள் உண்டு. பெயர்போகாத ஊர்களிலும் மாரியம்மன் உண்டு.

அன்றைக்கு ஒரே கேள்வியை ஐந்து பேர் கேட்டார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆத்தா, டீக்கடைக்காரர், பால்குடம் எடுத்து வந்த ஒரு அக்கா, பொரிக்கடை அம்மா, கடைசியாக ஒரு பெண் காவலர். “கூட யாரு வந்திருக்கா?” யாரும் வம்புக்குக் கேட்கவில்லை. கரிசனமாகவே கேட்டார்கள். யாருமில்லை என்றதும் அந்தக் காவலர், நான் கூட்டத்தில் தொலைந்துபோனவள் என்று முடிவுகட்டி, “வாங்கக்கா, மைக்ல சொல்லச் சொல்றேன்” என்று கையைப் பிடித்துவிட்டார். தொலைந்துபோன குழந்தைகளின் பெயர்களுக்கு நடுவே என் பெயரையும் சேர்த்து அலறவிட இருந்தார்கள். தனியாக வந்த பெண் ஒன்று தொலைந்தவள், இல்லாவிட்டால் ஓடிவந்தவள். மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்பதற்கு ஒலிபெருக்கியில் இடமில்லை.

இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு என்பதுதான் என் கட்சி. அதை ஆதிமந்தியிலிருந்து தொடங்கலாம். குறுந்தொகை 31ஆம் பாட்டு ஆதிமந்தியார் பெயரில் இருக்கிறது. வீரர்கள் கூடிய விழாவிலும் பெண்கள் தழுவியாடும் துணங்கையிலும், எங்கேயும் தன் ஆளைக் காணவில்லை என்கிறாள் அதில் பேசுகிறவள். தானும் ஆடுகளத்து மகள், அவனும் ஆடுகளத்தவன் என்கிறாள். ஆட்டனத்தி புனல்விழாவில் ஆடும்போது காவிரி அவனை அடித்துக்கொண்டு போனதையும், அவள் தேடி அலைந்ததையும் பரணர் அகநானூற்றில் திரும்பத் திரும்பச் சொல்கிறார். தமிழில் விழா விழாவாகத் தனியே போன முதல் பெண் என்று நமக்குக் கிடைப்பவள் இவள்தான்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. அகநானூறு 45இல் வெள்ளிவீதியார், ஆதிமந்தியைப் போல அலைந்து திரிய வேண்டியதுதானா என்று பேசுகிறார். 147இல் ஔவையார், வெள்ளிவீதியைப் போலப் புறப்பட்டுவிட நினைத்ததைச் சொல்கிறார். ஒருத்தி அலைந்தாள், அவளை இன்னொருத்தி உவமையாக்கினாள், அவளை மூன்றாமவள் உவமையாக்கினாள். இலக்கணம் பெயர் வைக்காத ஒரு போக்கைப் பெண்கள் தங்களுக்குள் கைமாற்றி வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். உரைகளில் இந்தச் சங்கிலி அடிக்குறிப்பாகக் கிடக்கும். ஆனால் இதைக் கொண்டாடிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. மூன்று பேருமே ஒரு ஆணைத் தேடித்தான் புறப்படுகிறார்கள், அல்லது புறப்பட நினைக்கிறார்கள். கூட ஆள் இல்லை. ஆனால் போகிற காரணத்துக்குள் ஆள் இருக்கிறான். ‘கூட யாரு’ என்பதற்கு அங்கே பதில் உண்டு: அவனைத்தான் தேடுறேன்.

தேடாமல் போனவள் காரைக்கால் அம்மையார். அவர் போனது ஆட்டம் பார்க்க. சேக்கிழார் சொல்கிற கதையில், இறைவன் ஆடும்போது அடியின்கீழ் இருந்து பாட வேண்டும் என்பதுதான் அவர் கேட்ட வரம். திருவாலங்காட்டில் அதைக் கண்டார். சரி, அதற்கு அவர் என்ன விலை கொடுத்தார்? உடம்பின் சதையை உதறிப் பேய்வடிவம் வாங்கிக்கொண்டார். பக்தி என்று இதைப் படிக்கிறோம். ஒரு பயண ஆவணமாகப் படித்துப் பாருங்கள். கணவன் வேண்டாம் என்று விலகிவிட்ட ஒரு இளம்பெண் வடக்கே கயிலைவரை தனியாகப் போய்வர வேண்டுமானால், பார்க்கிறவர்கள் பயந்து ஒதுங்குகிற உருவம் அவளுக்குத் தேவைப்பட்டிருக்கிறது. கண்ணகியும் மதுரைக்குக் கிழக்கு வாயில் வழியாகக் கணவனோடு வந்தாள், மேற்கு வாயில் வழியாகத் தனியாகப் போனாள். தனியாக நடந்த பதினான்காம் நாள் விண்ணேறித் தெய்வமாகிவிடுகிறாள். பேய் அல்லது தெய்வம். மனுஷியாகத் தனியே நடந்து ஊர் திரும்ப நம் காப்பியங்களில் வழியில்லை.

தோழர்கள் சிலர் இந்த இடத்தில் பக்தினைக் கொண்டுவருவார்கள். திருவிழா என்றால் அதிகாரம் தலைகீழாகும், மேல் கீழாகும், உடல் விடுதலை பெறும் என்று. ரபெலாய் பற்றிய அவருடைய நூல் 1965இல் ரஷ்ய மொழியில் வந்தது. தமிழில் அவர் பெயர் புழங்கத் தொடங்கிய தொண்ணூறுகளிலிருந்து நம் கிராமத் திருவிழாக்களுக்கெல்லாம் அந்தச் சட்டையை மாட்டிப் பார்த்தாயிற்று. கார்னிவலில் பார்வையாளர் என்று தனியாக யாரும் இல்லை, எல்லோரும் பங்கேற்பவர்களே என்பது அவர் வாதம். அங்கேதான் எனக்கு இடிக்கிறது. தெருவில் பெண் எந்நாளும் பார்க்கப்படுகிறவள். அவளுக்குத் தலைகீழாக்கம் என்றால் அது பார்க்கிறவளாக மாறுவதுதான். சும்மா நின்று வேடிக்கை பார்ப்பது. ஆணுக்கு அது பிறப்புரிமை. பெட்டிக்கடை வாசலில், தேர்முட்டியில், பாலத்துக் கட்டையில் அவன் அதை நாள் முழுக்கச் செய்கிறான். அதற்கு அவனிடம் யாரும் காரணம் கேட்பதில்லை.

பெண் திருவிழாத் தெருவில் இருக்க மூன்று சீட்டுகள் உண்டு. நேர்த்திக்கடன் ஒன்று. மஞ்சள் சேலையும் பால்குடமும் தீச்சட்டியும் இருந்தால் அவள் நட்டநடு ரோட்டில் போகலாம், போலீஸே வழிவிடும். வியாபாரம் இன்னொன்று. பொரி, வளையல், பூ விற்கிறவளிடம் கூட யார் என்று யாரும் கேட்பதில்லை. மூன்றாவது சாமி. சாமி வந்து ஆடுகிறவள் புருஷனைத் திட்டலாம், மாமியாரைக் காலில் விழவைக்கலாம்.

இந்த மூன்றாவதைத்தான் நம் ஆய்வாளர்கள் ஒடுக்கப்பட்ட பெண்ணின் கலகக்குரல் என்று கட்டுரை கட்டுரையாக எழுதினார்கள். நானும் எழுதியிருக்கிறேன். அவர்கள் இறையூருக்கு வர வேண்டும். 2022 டிசம்பரில் வேங்கைவயல் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தபோது, அப்போதைய ஆட்சியர் கவிதா ராமுவும் காவல் கண்காணிப்பாளர் வந்திதா பாண்டேயும் அங்கே போனார்கள். அதுவரை நுழைய விடப்படாத இறையூர் அய்யனார் கோயிலுக்குள் தலித் மக்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அப்போது ஒரு பெண் சாமி வந்து ஆடி, உள்ளே வந்தவர்களைச் சாதி சொல்லி இழிவாகப் பேசினார். கைது செய்யப்பட்டார். சாமியின் வாய் எந்தத் தெருவின் வாய் என்பது அன்றைக்குத் தெரிந்தது. பெண்ணுக்குக் கிடைக்கிற சீட்டு இன்னொருவரை வாசலில் நிறுத்துகிற சீட்டாகவும் இருக்கும். தலித் பெண்ணிடம் திருவிழாத் தெருவில் கேட்கப்படுவது “கூட யாரு” மட்டுமில்லை, “எந்தத் தெரு” என்றும்தான். என்னிடம் இரண்டாவது கேள்வி கேட்கப்படவில்லை. அது ஏன் என்று எனக்குத் தெரியும்.

நான்காவதாக ஒரு சீட்டும் இருந்தது, கிழித்தெறியப்பட்ட சீட்டு. விராலிமலை முருகன் கோயிலுக்கு முப்பத்திரண்டு தேவதாசிகள் இருந்தார்கள். அவர்களில் எஞ்சியவராக அறியப்பட்ட சதிர்க் கலைஞர் முத்துக்கண்ணம்மாளுக்கு 2022இல் பத்மஸ்ரீ தந்தார்கள். கோயில் வீதியில், சாமி புறப்பாட்டில், உரிமையோடு நின்ற பெண்கள் அவர்கள்தான். ஆனால் கூர்ந்து பார்த்தால் அவர்களும் தனியாக இல்லை. சாமியே புருஷன், அதனால்தான் நித்தியசுமங்கலி. சாமிக்குப் பின்னால் ஜமீனும் மைனரும் நின்றார்கள் என்பதை மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் வந்த தன் நாவலில் போட்டு உடைத்துவிட்டார். அந்த வீதியை நினைத்து ஏங்க எனக்கு ஒன்றுமில்லை.

அந்தக் குலத்துத் தாய்க்குப் பிறந்தவர் முத்துலட்சுமி ரெட்டி. புதுக்கோட்டையில், 1886இல். மகாராஜா கல்லூரியில் பெண்ணைச் சேர்த்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்புக் கிளம்பியது. மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதை மீறிச் சேர்த்துக்கொண்டார். மூடிய வண்டியில் கல்லூரிக்குப் போய்த் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தவர், 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போனார். 1926இல் உலகப் பெண்கள் மாநாட்டுக்காகப் பாரிஸ் போனார். அவர் பாடுபட்ட தேவதாசி ஒழிப்புச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் நிறைவேறியபோது அவர் பிறந்த ஊர் தனிச் சமஸ்தானமாக இருந்தது. இந்தியாவோடு இணைந்தது 1948 மார்ச் 3இல். கோயில் வீதியிலிருந்து பெண்ணை வெளியே கொண்டுவந்தது சட்டம். வெளியே வந்தவள் எந்த வீதியில் நிற்பாள் என்பதைச் சட்டம் பேசவில்லை. ரயிலில் மட்டும் இடம் ஒதுக்கியிருந்தார்கள்: 1890 ரயில்வே சட்டத்தின் 64ஆம் பிரிவு, பயணிகள் ரயிலில் கடைசி வகுப்பில் ஒரு பெட்டியாவது பெண்களுக்கென்று விட வேண்டும் என்றது. திரை போய்ப் பலகை வந்தது.

பலகையும் இல்லாமல் போன ஒரு நாள் இந்த ஊருக்கு உண்டு. 1992ஆம் வருஷத்து உலகப் பெண்கள் தினம். அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதில் முனைப்பாக நின்றார். முத்து பாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு ஊர் ஊராக ஓடியது. அந்த நாளில் ஆயிரத்து ஐந்நூறு பெண்களுக்கு மேல், ஹாண்டில்பாரில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டைத் தெருக்களில் போனார்கள். சாய்நாத் இதை எழுதியிருக்கிறார். எழுபதாயிரம் கிராமத்துப் பெண்களுக்கு மேல் பொது இடத்தில் ஓட்டிக் காட்டியதாகக் கணக்குச் சொல்கிறார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்து பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளே வாங்கினார்கள், முன்பாரில் பிள்ளையை வைக்க வசதி என்று அதையே விரும்பியவர்களும் இருந்தார்கள் என்கிறார். ஆரம்பத்தில் ஓட்டப் பழகினவர்களின் ஒழுக்கத்தைப் பற்றி ஆண்கள் வாய்க்கு வந்ததைப் பேசியதையும் பதிவு செய்கிறார்.

சாமி இல்லாத தேரோட்டம் அது. அதை யாரும் இப்படிச் சொல்லி நான் படித்ததில்லை. பேசும்போதெல்லாம் தண்ணி எடுக்கலாம், சந்தைக்குக் காய் கொண்டுபோகலாம், பஸ்ஸுக்குக் காத்துக் கிடக்க வேண்டாம் என்று பயன்களை அடுக்கினோம். அதெல்லாம் உண்மை. ஆனால் பயனைச் சொல்லித்தான் பெண்ணை ரோட்டுக்கு அனுப்ப முடிந்தது என்பது நம் தோல்விக் கணக்கில் வர வேண்டியது. சைக்கிள் ஓட்டினால் காற்று முகத்தில் அடிக்கும், நல்லா இருக்கும் என்ற ஒரு காரணம் போதாதா? மும்பைப் பெண்களைப் பற்றி ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011இல் ஒரு புத்தகம் போட்டார்கள். காரணமில்லாமல் தெருவில் சுற்றுகிற உரிமையைத்தான் கேட்கிறார்கள். பாதுகாப்பு என்று கேட்டால் அது வீட்டுக்குள் இரு என்றுதான் முடியும் என்கிறார்கள். நகரத்து மத்தியதர வர்க்கத்துக் கவலை என்று ஒரு தோழர் அதை ஒதுக்கிவிட்டார். கல்லுடைக்கிற பெண் சைக்கிள் ஓட்டிய ஊரில் இருந்துகொண்டு இப்படிச் சொல்வது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. உழைக்கிறவளுக்கு வேடிக்கை வேண்டாமா?

திரும்பத் தேருக்கு வருகிறேன். மைக்கிலிருந்து தப்பித்துப் பொரிக்கடை அம்மாவிடம் போய் நின்றேன்.

“எதுக்கு வந்தே நீ? வேண்டுதலா?”

“இல்லம்மா. சும்மா பார்க்க.”

“சும்மாவா?”

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முப்பது வருஷமாகத் திருவிழா திருவிழாவாகக் கடை போடுகிறாராம். “நான் ஒரு தேரும் நின்னு பாத்ததில்ல. வடம் புடிக்கிற நேரத்துலதான் யாவாரம்.” சொல்லிவிட்டுச் சாக்கைத் தள்ளி எனக்கு உட்கார இடம் போட்டுக்கொடுத்தார். அதற்கப்புறம் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்க வந்த ஒருவரிடம் அவரே, “எங்கூட வந்த பிள்ளைதான்” என்றார். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் நான் பொரி அளந்து போடத் தொடங்கியிருந்தேன். இரண்டாவது சீட்டு.

2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானது. வரும்போது அந்தச் சீட்டில்தான் வந்தேன், என் பக்கத்து ஆத்தாவும் அதில்தான் வந்தது. ஆனால் அந்த ஊரிலிருந்து கடைசி டவுன் பஸ் ஒன்பதுக்கு முன்னால் கிளம்பிவிடும். தேர் அப்போது மேலவீதி முக்கில் சக்கரம் திரும்பாமல் நின்றிருந்தது. முட்டுக்கட்டை போடுகிறவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸில் ஏறினால் முழுக்கப் பெண்கள். ஆண்கள் தேரோடு நின்றுவிட்டார்கள், அவர்களிடம் பைக் இருந்தது. தேர் நிலைக்கு வந்ததை மறுநாள் பேப்பரில் படம் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.