கடம் முன்வரிசைக்கு வந்த நாள்: ‘சக்தி’ குழுவின் 1975 கச்சேரிப் பதிவு

நம் புதுச்சேரிக்கும் ராக் இசைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், ஜூன் 21 அன்று தெருத்தெருவாக நடக்கும் பிரெஞ்சு இசைத் திருவிழாவைத்தான் பலரும் சொல்வார்கள். அதைவிடப் பழைய சம்பந்தம் ஒன்று உண்டு. அது அரவிந்தர் ஆசிரமத்திலிருந்து தொடங்குகிறது.

1944-ல், இந்த ஊர் இன்னும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தபோது, சிட்டகாங் பக்கத்திலிருந்து ஒரு வங்காளிச் சிறுவர் ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார். பெயர் சின்மய் குமார் கோஷ். 20 ஆண்டுகள் இங்கேயே வளர்ந்து, படித்து, ஆசிரம வேலைகள் செய்துவிட்டு 1964-ல் நியூயார்க் போனார். அங்கே ஸ்ரீ சின்மய் என்ற பெயரில் அவருக்குச் சீடர்கள் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் யார்க்‌ஷர் பகுதியைச் சேர்ந்த கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்லின். குரு அவருக்கு வைத்த பெயர் ‘மகாவிஷ்ணு’. 1971-ல் மெக்லாக்லின் தொடங்கிய குழுவுக்கும் அந்தப் பெயரே அமைந்தது: மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா. ஆர்க்கெஸ்ட்ரா என்றதும் கல்யாண மண்டப லைட் மியூசிக்கை நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் காலத்தில் காதைப் பிளக்கும் சத்தத்துக்குப் பெயர் போன ராக் குழுக்களில் அதுவும் ஒன்று.

1960களின் கடைசியில் இங்கிலாந்தில் கிளம்பிய ஒரு வகை ராக் இசையை ‘புரோகிரசிவ் ராக்’ என்பார்கள். கிங் கிரிம்சன், யெஸ், ஜெனிசிஸ் போன்ற குழுக்கள் அந்த வகை. மூன்று நிமிஷப் பாட்டு போதாது, 20 நிமிஷமாவது வேண்டும் என்பது அவர்கள் கட்சி. நான்கு நான்காக எண்ணும் சாதாரணத் தாளத்தை விட்டு 5, 7, 9 என்று எண்ணினார்கள். மேலைநாட்டு ரசிகர்கள் அதைக் கேட்டு வியந்தார்கள். கண்ட சாபு, மிஸ்ர சாபு, சங்கீர்ணம் என்று தொடையில் தட்டிப் பழகிய நமக்கு அதில் பெரிய அதிசயம் இல்லை. மெக்லாக்லினின் குழு ஜாஸ் இசையும் இந்த ராக்கும் சந்திக்கும் இடத்தில் நின்றது. மற்றவர்களுக்கும் அவருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இந்த எண்ணிக்கைகள் பிறந்த வீட்டுக்கே போய்க் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

வீணை வகுப்பு

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் வெஸ்லியன் பல்கலைக்கழகம் இருக்கிறது. கர்நாடக சங்கீதத்தை முறையாகக் கற்பித்த இடம். அங்கே டாக்டர் எஸ். ராமநாதனிடம் மெக்லாக்லின் வீணை கற்றார். உலகமெங்கும் புகழ் பெற்ற ஒருவர் கையை மடக்கி உட்கார்ந்து பாலபாடம் கற்பது சாதாரண விஷயமா?

அந்தப் பாடம் அவருடைய கிட்டாரையே மாற்றிவிட்டது. வீணையில் மெட்டின் மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் பிடிக்கிறோம். சாதாரண கிட்டாரில் அந்த அளவுக்கு இழுக்க முடியாது. ஏப்ரஹாம் வெக்டர் என்ற கைவினைஞர் ‘சக்தி’ குழுவுக்காகவே மெக்லாக்லினுக்கு ஒரு கிட்டார் செய்து கொடுத்தார். மெட்டுகளுக்கு நடுவே மரம் குழிவாகச் செதுக்கப்பட்டிருந்தது. விரல் தந்தியை ஆழமாக அழுத்தி இழுக்க அந்தக் குழி இடம் கொடுத்தது. ஒலித் துளையின் குறுக்கே 7 துணைத் தந்திகள் ஓடின. கூடவே ரீங்கரிக்கும் சுருதிக்காக அவை.

அதே பல்கலைக்கழகத்தில் எல். சங்கர் இசை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். வயலின் வித்வான் வி. லட்சுமிநாராயணாவின் மகன். எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம் இருவருக்கும் தம்பி. தொலைக்காட்சியில் வந்த ‘மால்குடி டேஸ்’ தொடருக்கு இசையமைத்த அதே வைத்தியநாதன்தான். தகப்பனார் யாழ்ப்பாணத்தில் சங்கீதம் கற்பித்ததால் சங்கரின் பிள்ளைப் பருவம் அங்கே கழிந்தது. 1958 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் சென்னைக்குத் திரும்பியது. அடுத்தவர் ராமநாதபுரம் ராகவன், வெஸ்லியனில் மிருதங்க ஆசிரியர். தபேலாவுக்கு உஸ்தாத் அல்லா ரக்காவின் மகன் ஜாகிர் உசேன். 1975-ல் அவருக்கு வயது 24. கடத்துக்கு நம் சென்னையின் டி.எச். விநாயக்ராம். ரசிகர்கள் ‘விக்கு’ என்று அழைப்பார்கள். எம்.எஸ். அம்மாவுக்கு வாசித்த கை.

இவர்கள் ஐந்து பேரும் சேர்ந்தது ‘சக்தி’. 1970களின் நடுவில் மெக்லாக்லின் தன் குருவிடமிருந்து விலகினார். ‘மகாவிஷ்ணு’ என்ற பெயரும் மின்கிட்டாரின் இரைச்சலும் பின்னுக்குப் போயின. ஆனால் கற்றுக்கொள்ளும் பணிவு மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

1975 ஜூலை 5

சாதாரணமாக ஒரு குழு முதலில் ஸ்டுடியோவில் பதிவு செய்யும். பேர் வந்த பிறகு கச்சேரிப் பதிவு வெளியிடும். ‘சக்தி’யின் முதல் ஆல்பமே மேடைப் பதிவு. 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் சவுத்தாம்டன் கல்லூரியில் நடந்த கச்சேரி அது. கொலம்பியா நிறுவனம் 1976-ல் இசைத்தட்டாக வெளியிட்டது. பெயர்: ‘சக்தி வித் ஜான் மெக்லாக்லின்’.

ஸ்டுடியோவில் தப்பு வந்தால் நிறுத்தித் திரும்ப வாசிக்கலாம். மேடையில் அந்த வசதி இல்லை. ஒருவர் எதிர்பாராத இடத்தில் ஒரு கணக்கை எடுத்தால், பக்கத்தில் இருப்பவர் அந்த நொடியே பிடித்துக்கொள்ள வேண்டும். மனோதர்ம சங்கீதத்தின் உயிரே அந்த நொடியில்தான் இருக்கிறது. இப்படிப்பட்ட குழுவுக்கு மேடைப் பதிவே சரியான தொடக்கம் என்று இன்று கேட்கும்போது புரிகிறது.

மொத்தம் மூன்றே உருப்படிகள். முதலாவது ‘ஜாய்’, 18 நிமிஷத்துக்குச் சற்று மேல். கிட்டாரும் வயலினும் ஒரே வரியை ஒரே வேகத்தில் சேர்ந்து ஓடுகின்றன. மூச்சு வாங்குவது கேட்கிற நமக்குத்தான். இரண்டாவது ‘லோட்டஸ் ஃபீட்’, அதாவது தாமரைப் பாதம். 5 நிமிஷம் கூட இல்லை. அத்தனை ஓட்டத்துக்குப் பிறகு திண்ணையில் உட்கார்ந்து மோர் குடிப்பது போன்ற அமைதி. மூன்றாவதன் தலைப்பு ஒரு முழு வாக்கியத்தை விட நீளம். இறைவன் காலடியில் ஆடுகிறேன், இதுவும் வேண்டாம் அதுவும் வேண்டாம் என்ற பொருளில் போகும். வாசிப்பும் ஏறத்தாழ 29 நிமிஷம். இசைத்தட்டின் இரண்டாம் பக்கம் முழுக்க இந்த ஒன்றுதான்.

நான் முதலில் கேட்டது 1980களில், நண்பர் ஒருவர் பதிவு செய்து கொடுத்த கேசட்டில். 60 நிமிஷக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 30 நிமிஷம். முதல் பக்கத்தில் 7 நிமிஷம் மிச்சம், இரண்டாம் பக்கத்தில் 1 நிமிஷம் மிச்சம். அன்று முழுதும் பற்று வரவு எழுதிவிட்டு வந்த எனக்கு அதுவே ஒரு திருப்தி!

ஐந்தில் மூன்று

கணக்குப் பார்த்துப் பழகியவன் என்பதால் ஆரம்பத்திலேயே ஒன்று கண்ணில் பட்டது. மேடையில் ஐந்து பேர். அவர்களில் மூன்று பேர் தாளவாத்தியக்காரர்கள். என் மனதில் இந்த ஆல்பத்தின் பெருமை அங்கேதான் இருக்கிறது.

நம் கச்சேரி மேடையை நினைத்துப் பாருங்கள். நடுவில் பாடகர். ஒரு பக்கம் வயலின், மறுபக்கம் மிருதங்கம். கடம், கஞ்சிரா, மோர்சிங் எல்லாம் ‘உபபக்கவாத்தியம்’. துணைக்கும் துணை! இரண்டரை மணி நேரக் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் என்று பத்துப் பதினைந்து நிமிஷம் கிடைக்கும். அதிலும் மிருதங்கம் வாசித்த பிறகுதான் கடத்தின் முறை. அதற்குள் சபாவில் பாதிப்பேர் கேன்டீன் பக்கம் போயிருப்பார்கள். மார்கழியில் சென்னைக்குப் போய் வருகிறவர்கள் இதை மறுக்க மாட்டார்கள்.

சவுத்தாம்டனில் அந்த வரிசை மாறிவிட்டது. மானாமதுரை போன்ற ஊர்களில் களிமண்ணைப் பிசைந்து, தட்டி, சூளையில் சுட்டு எடுக்கிற பானை, கிட்டாருடன் சரிசமமாகப் பேசுகிறது. கிட்டார் ஒரு சொற்கட்டைச் சொன்னால் கடம் பதில் சொல்கிறது. மிருதங்கமும் தபேலாவும் நடுவில் வந்து சேர்கின்றன. மிருதங்கம் தெற்கு, தபேலா வடக்கு. சொற்கள் வேறு, வாசிக்கும் முறையும் வேறு. ஆனால் ஒரு கோர்வையை மூன்று முறை வாசித்து முதல் அடியில் வந்து இறங்கும் வழக்கம் இருவருக்கும் உண்டு. வடக்கே அதைத் ‘திகாய்’ என்பார்கள், நமக்கு அது தீர்மானம். அந்த இடத்தில் நான்கு மரபும் ஒன்றாக இறங்குவதைக் கேட்டால், தாளம் தெரியாதவருக்கும் கை தானாகத் தட்டும்.

‘ஃபியூஷன்’ என்றாலே நம் பெரியவர்களில் சிலருக்குப் பிடிக்காது. கூட்டுக்கும் குழம்புக்கும் நடுவே ஏதோ ஒன்று என்பார்கள். பல ஆல்பங்களுக்கு அந்தக் குறை பொருந்தும். இரண்டு இசையை அருகருகே வைத்து மேலே கொஞ்சம் கீபோர்டு தூவினால் அது கலவை, அவ்வளவுதான். ‘சக்தி’யில் நடந்தது வேறு. இங்கே யாரும் தன் இலக்கணத்தை விட்டுக்கொடுக்கவில்லை. மற்றவர் இலக்கணத்தைக் கற்றுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். சங்கரின் வயலின் ராகத்தை விட்டு நகர்வதில்லை. விநாயக்ராமின் கை கணக்கை விட்டு நகர்வதில்லை. இறங்கி வந்தவர் அந்த ராக் நட்சத்திரம்தான். அப்படி வந்ததால் அவர் சிறுத்துப் போய்விடவில்லை.

அதன் பிறகு

முதல் ஆல்பத்துக்குப் பிறகு ராகவன் குழுவில் இல்லை. 1976-லும் 1977-லும் இன்னும் இரண்டு ஆல்பங்கள் வந்தன. 1978-ல் குழு கலைந்தது. சங்கர் பிறகு 10 தந்தி இரட்டை வயலினை உருவாக்கினார். ஜெனிசிஸ் குழுவின் முன்னாள் பாடகர் பீட்டர் கேப்ரியேலுடன் வாசித்தார். மிக்கி ஹார்ட்டின் ‘பிளானட் டிரம்’ ஆல்பத்துக்குக் கிராமி விருது கிடைத்தபோது அதில் ஜாகிர் உசேனுக்கும் விநாயக்ராமுக்கும் பங்கு இருந்தது. விநாயக்ராமுக்கு 2014-ல் பத்மபூஷண். அவருடைய சிஷ்யை சுகன்யா ராம்கோபால், கடம் பெண்களுக்கு ஆகாது என்ற பேச்சைத் தாண்டி மேடையேறிப் பெயர் பெற்றார்.

1997-ல் ‘ரிமெம்பர் சக்தி’ என்ற பெயரில் குழு மறுபடி எழுந்தது. பிறகு மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸ் வந்தார், சங்கர் மகாதேவன் பாடினார். விநாயக்ராமின் இடத்தில் அவர் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவுடன் உட்கார்ந்தார். ‘வெண்ணிலா கபடி குழு’ படத்துக்கு இசையமைத்தவர் என்றால் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். மெக்லாக்லினும் அவரும் சேர்ந்து கொன்னக்கோல் கற்பிக்கும் ஒரு வீடியோப் பாடமே வெளியிட்டார்கள். ‘தகிட தகதிமி’ என்று அந்த வெள்ளைக்காரர் சொல்வதைக் கேட்டால் நம் ஊர் பாட்டு வாத்தியார் ஞாபகம் வரும். 2023-ல் ‘திஸ் மொமென்ட்’ ஆல்பம் வந்தது. 2024 பிப்ரவரியில் அதற்குக் கிராமி கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 15 அன்று ஜாகிர் உசேன் மறைந்தார். 24 வயதில் அவர் விரல் எப்படி ஓடியது என்பதற்கு 1975-ன் அந்தப் பதிவு சாட்சியாக இருக்கிறது.

இனி நம் வீட்டு விஷயம். நம் குடியிருப்பில் இரண்டு மூன்று பிள்ளைகள் மிருதங்கம் கற்கிறார்கள். ஒரு பையன் டிரம்ஸ் வாசிக்கிறான். மாலையில் சத்தம் தாங்கவில்லை என்று வாட்ஸ்அப் குழுவில் மாதம் ஒரு முறையாவது வருகிறது. சொல்பவர்களைக் குறை சொல்ல முடியாது. வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள், பரீட்சைக்குப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பாட்டு கற்கும் பிள்ளைகள் மேல் இந்தப் புகார் வருவதில்லை, தாளம் கற்கும் பிள்ளைகள் மேல்தான் வருகிறது. சபாவில் எழுந்து கேன்டீன் போகிற அதே வழக்கம் இங்கேயும் இருக்கிறதோ என்று தோன்றுகிறது. சாதகம் இல்லாமல் ஒரு விநாயக்ராம் வர முடியாது. அவருடைய தகப்பனார் ஹரிஹர சர்மா 1958-ல் தாளவாத்தியத்துக்கென்றே சென்னையில் ஒரு பள்ளி தொடங்கினார். அப்படி ஓர் இடம் வேண்டியிருந்தது என்பதுதான் விஷயம்.

வரும் பொதுக்குழுவில் ஒரு யோசனை வைக்கலாம் என்றிருக்கிறேன். தினமும் மாலை 5.30 முதல் 7 வரை சமுதாயக் கூடத்தை இந்தப் பிள்ளைகளின் சாதகத்துக்கு ஒதுக்கலாம். ஜன்னலை மூடிக்கொண்டால் யாருக்கும் தொந்தரவு இருக்காது. உறுப்பினர்கள் வருவதற்கு முன் இந்த ஆல்பத்தை ஒருமுறை கேட்டுவிட்டு வாருங்கள். 52 நிமிஷம்தான். இணையத்தில் கிடைக்கிறது. நேரம் இல்லாதவர்கள் இரண்டாவது உருப்படியை மட்டும் கேளுங்கள். ஆனால் தனி ஆவர்த்தனம் வரும்போது எழுந்து போகக் கூடாது!