மானியத்தோடு வந்த கேள்வித்தாள்

தனியார் பள்ளியில் படித்தாலும் கடைசியில் அரசின் கேள்வித்தாளுக்குத்தான் பதில் எழுத வேண்டும். நமக்குப் பழகிப்போன நடைமுறை இது. ஆனால் இந்தக் கேள்வித்தாள் பிறந்தது பள்ளிக்கூடத்துக்காக அல்ல, அரண்மனைக்காக.

சீனாவில் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுய் அரசர்கள் தொடங்கிவைத்த அதிகாரிகள் தேர்வு 1905 வரை நீடித்தது. சோங் அரசர்கள் காலத்தில் விடைத்தாளில் பெயரை மறைத்து ஒட்டினார்கள். கையெழுத்து ஆளைக் காட்டிக்கொடுத்துவிடுமே என்று, எழுத்தர்களை அமர்த்தி விடை முழுவதையும் நகலெடுத்த பிறகே திருத்துபவரிடம் தந்தார்கள். நம் பொதுத்தேர்வின் டம்மி எண்ணுக்கு இதுதான் பாட்டன்.

ஜெசூட் பாதிரிமார்களும், கான்டன் துறைமுகத்துக்குத் தேயிலை வாங்கப் போன வணிகர்களும் இந்தச் செய்தியை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். சிபாரிசில் வேலை தரும் வழக்கத்தை ஒழிக்க நினைத்த பிரிட்டன், இந்தியாவை ஆள வரும் அதிகாரிகளுக்கு 1855இல் லண்டனில் போட்டித் தேர்வு வைத்தது.

இதற்கிடையே, 1854இல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கை, ஆய்வுக்கு உடன்படும் தனியார் பள்ளிகளுக்கு மானியம் தரச் சொன்னது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது. அதன் மெட்ரிகுலேஷன் தேர்வு, மிஷன் பள்ளி, அரசுப் பள்ளி என்று பாராமல் எல்லோருக்கும் ஒரே வாசலானது.

இங்கிலாந்தில் அப்போது ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளைப் பெரும்பாலும் திருச்சபை அமைப்புகளே நடத்தின. அரசு உதவித்தொகை கொடுத்தது. 1862இல் ராபர்ட் லோ கொண்டுவந்த விதி அதைத் தேர்வோடு முடிச்சுப் போட்டது. பிள்ளை பள்ளிக்கு வந்தால் 4 ஷில்லிங். தேறினால் மேலும் 8. வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றில் எதில் தவறினாலும் 2 ஷில்லிங் 8 பென்ஸ் பிடித்தம். ஆசிரியரின் சம்பளமே இன்ஸ்பெக்டரின் பேனா முனையில் தொங்கியது. பாடப்புத்தகத்தை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். உண்மையில் படிக்கத் தெரியாத பிள்ளையையும் இந்தத் தேர்வில் தேற வைத்துவிட முடியும் என்று கவிஞரும் பள்ளி இன்ஸ்பெக்டருமான மேத்யூ ஆர்னால்டு அரசுக்கே எழுதினார். 1890களில்தான் அந்த முறை ஒழிந்தது.

அட்லாண்டிக்கின் அக்கரையிலும் இதே கதைதான். நியூயார்க் மாநிலம் தனியார் நடத்திய அகாடமிகளுக்கு மாணவர் எண்ணிக்கையைப் பார்த்துப் பணம் பங்கிட்டது. மேல்வகுப்புக்கு உண்மையிலேயே தகுதியான மாணவர்கள் எத்தனை பேர் என்று கண்டறிய 1865இல் ரீஜென்ட்ஸ் தேர்வைத் தொடங்கியது. மானியக் கணக்குக்காக வந்த அந்தத் தேர்வு இன்றும் அங்கே நடக்கிறது.

1922இல் ஓரிகன் மாநிலம் எல்லை தாண்டியது. பிள்ளைகள் அரசுப் பள்ளியில்தான் படிக்க வேண்டும் என்று சட்டமே போட்டது. கத்தோலிக்கக் கன்னியர் சபை ஒன்று வழக்குத் தொடுக்க, 1925இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. ஆனால் தனியார் பள்ளிகளையும் நியாயமான அளவில் ஆய்வு செய்யவும் சோதிக்கவும் அரசுக்குள்ள அதிகாரத்தை அது தொடவில்லை. பள்ளி இருக்கலாம், தேர்வும் இருக்கலாம் என்றாயிற்று.

அந்தத் தேர்வை மலிவாக்கியது ஒரு சிறுபிள்ளைக் குறும்பு. ரெனால்டு ஜான்சன் சிறுவனாக இருந்தபோது கார்களின் ஸ்பார்க் பிளக்கில் பென்சிலால் கோடு கிழித்து வண்டி கிளம்பாமல் செய்வாராம். பென்சில் கரி மின்சாரத்தைக் கடத்தும் என்ற அந்தப் பாடத்தை, பள்ளி ஆசிரியரான பிறகு, விடைகளைத் தானே எண்ணும் எந்திரமாக மாற்றினார். 1938இல் ஐபிஎம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

இப்போதும் பணம்தான் வழிகாட்டி. தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசே பணம் தரும் வவுச்சர் திட்டத்தை 2011இல் தொடங்கிய அமெரிக்காவின் இந்தியானா மாநிலம், அந்தப் பணத்தைப் பெறும் தனியார் பள்ளிகளும் மாநிலத் தேர்வை நடத்த வேண்டும் என்கிறது. அரிசோனாவில் அப்படிக் கட்டாயமில்லை. தமிழ்நாட்டிலோ பணத்தின் இடத்தில் சட்டம் நின்றது. 2010இன் சமச்சீர் கல்விச் சட்டம் மெட்ரிக் பள்ளிகளையும் பொதுப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை நடைமுறைப்படுத்தச் சொன்னது. அதன்பின் பல தனியார் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறின.

பொதுப்பணத்தை வாங்கும் பள்ளி கணக்குக் காட்டத்தான் வேண்டும். வாங்காத பள்ளியிலும் பிள்ளைக்கு எழுதப் படிக்கத் தெரிகிறதா என்று அரசு கேட்கலாம். அதோடு நின்றால் அது கண்காணிப்பு. பணம் முழுவதையும் ஒரே தேர்வில் கட்டிவைத்தால், லோவின் இங்கிலாந்தைப் போலத் தேர்வே பாடமாகிவிடும். தனியார் பள்ளிக்குத் தனக்கென்று ஒரு வழி இல்லாமலே போகும்.