போக்கர்: கையில் வந்த 2 சீட்டு... ஆடலாமா? விட்டுடலாமா?

'டெக்சாஸ் ஹோல்டெம்' போக்கரில் முதலில் ஆளுக்கு 2 சீட்டுதான். எது வந்தாலும் ஆடிப் பார்க்கத் தோணும். புதுசா ஆடுறவங்க சறுக்குறது அங்கேதான்.

வாய்ப்பு எவ்வளவு?
ஒரே எண் ஜோடியாக வர 17-ல் 1 வாய்ப்பு. ஏஸ் ஜோடி என்றால் 221-ல் 1. பெரும்பாலும் வருவது சுமாரான கைதான்.

எதை ஆடலாம்?
10 முதல் ஏஸ் வரையிலான ஜோடிகள், ஏஸ்-கிங், ஏஸ்-குயின் வந்தால் தைரியமா ஆடலாம்.

எதில் ஏமாறுவோம்?
'ரெண்டுமே ஹார்ட்டின்' என்று ஆசைப்படாதீங்க. அடுத்து விரிக்கும் 3 சீட்டும் ஹார்ட்டினாக வர 100-ல் 1 வாய்ப்புகூட இல்லை. சின்ன ஜோடி வந்தாலும், அந்த 3 சீட்டில் அதே எண் வர சுமார் 8-ல் 1 வாய்ப்புதான்.

எப்போது விடணும்?
முதலில் ஆடுறவர் நல்ல கையை மட்டும் ஆடணும். கடைசியில் ஆடுறவர் மற்றவர்களைப் பார்த்து முடிவெடுக்கலாம். ரம்மியில் ஸ்கூட் விட்டால் பாயின்ட் போகும். இங்கே கட்டாயப் பந்தயம் கட்டுபவர்களைத் தவிர, மற்றவர்களுக்குத் தொடக்கத்திலேயே விட்டால் நஷ்டமே இல்லை!

கவனம்: பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு மத்திய அரசு 2025-ல் சட்டம் போட்டுத் தடை விதித்திருக்கிறது. பழகணும்னா வீட்டில் புளியங்கொட்டை போதும்.